இட்லிக்குச் சர்க்கரை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்து பிரிந்து போகும். சந்தின் முனையிலேயே செங்கொடியின் வீடு. வாசலில் பம்ப் ஸ்டவ், அதன்மேல் அலுமினிய இட்லிக் குண்டான், கால் ஆடுகிற ஒரு பெஞ்சு, கை கழுவ ஒரு நீல டிரம். பெயர்ப்பலகை இல்லாத கடை. சந்தின் மறுமுனை தண்டவாளத்தில் போய் முட்டிக்கொள்ளும். அங்கே உப்பும் உரமும் அடுக்கிவைத்த காலத்துப் பழைய கிடங்குகள் இருந்தன. அவற்றுக்குப் போகிற வண்டி எதுவானாலும் செங்கொடியின் அடுப்பை உரசிக்கொண்டுதான் போக வேண்டும், திரும்பி வரவும் அதே வழிதான்.

கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், லாரி கிளீனர்கள், காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பெண்கள் எல்லாரும் வெளிச்சம் வருவதற்குள் அந்தப் பெஞ்சைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று செங்கொடி கேட்பதே இல்லை. சிமெண்டு ஏற்றுகிறவனுக்குத் தொண்டை வறண்டிருக்கும், சாம்பாரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். ராத்திரி குடித்தவனுக்குக் காரச் சட்னி. புதுசாகக் கல்யாணமானவன் பொட்டலம் கட்டி வாங்கிப் போவான். பொண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டு வந்தவன் பெஞ்சிலேயே உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் தின்பான். ஒருத்தன் இட்லியைப் பிட்டுத் தொடுகிற விதத்தை வைத்தே அவன் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் சர்க்கரை டப்பா காலியாகிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் கோடை அது. ஊரே தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்த வருஷம். அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. தண்டவாளத்துக் கருங்கல் சூடு சந்துவரைக்கும் அடித்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகள் மாயா வீட்டில் இருந்தாள். செங்கொடி முதலில் அவளைத்தான் பிடித்தாள்.

"சர்க்கரைய நீ துன்னியாடி?"

"நான் ஏன்மா துன்றேன். அப்பாதான் பேப்பர்ல மடிச்சி எடுத்துக்கினு போவுது. உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னுச்சு."

"அப்பால ஏன் சொன்ன?"

"நீ எம்மேல பழி போட்றல்ல, அத்தொட்டு சொன்னேன்."

செங்கொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சுப்பராயன் டீயில்கூடச் சர்க்கரை வேண்டாம் என்கிற ஆள். கல்யாணத்தன்று இலையில் விழுந்த பாயசத்தைச் சத்தமில்லாமல் மச்சான் இலைக்குத் தள்ளிவிட்டவன். கூட்ஸ் ஷெட்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்த காலத்தில் ஒரு வருஷம் இதே வாசலில் வந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழிய அவள் அரைத்த காரச் சட்னியைத் தின்றுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போவான். கடைசியில் ஒருநாள் முன்கையை நீட்டிக் காட்டினான். 'செங்கொடி' என்று பச்சை குத்தியிருந்தது. புண் ஆறாமல் வீங்கியிருந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் அவள் சம்மதித்தாள்.

அந்த மனிதன் இப்போது கொஞ்ச நாளாகப் பெஞ்சில் உட்கார்ந்து தின்பதில்லை. விடியற்காலையில் முதல் ஈடு இறங்கியதும், "ஷெட்டுல பசங்களுக்கு" என்று ஒரு தூக்கு நிறைய இட்லி எடுத்துக்கொள்கிறான். சட்னிப் பாத்திரத்தைத் தொடுவதில்லை.

இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்கிறவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியும். பல் விழுந்து முளைக்காத பிள்ளைகள். அம்மா செத்த பிறகு தம்பி பாரிக்கு அவள்தான் ஊட்டினாள். அவனும் அப்படித்தான், சர்க்கரை இல்லாவிட்டால் வாயையே திறக்க மாட்டான். மாயாவும் போன வருஷம்வரை அப்படித்தான்.

பக்கத்து வீட்டுத் தாயம்மா மீன் விற்கிறவள். அது மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் லாஞ்செல்லாம் கட்டிக் கிடந்தன. அவள் கருவாட்டைப் பரப்பிவைத்துக்கொண்டு, காக்கையை விரட்டியபடி, யார் வீட்டில் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரையா," என்றாள். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "ஆம்பள சாராயம் குடிச்சா வுட்டுர்லாம். சர்க்கரைன்னா யோசிக்கணும்."

"இன்னா யோசிக்கணும்?"

"எங்கியோ ஒரு கொழந்த கீது. கொழந்த தானா வராதுல்ல. பெத்தவள்னு ஒருத்தி கீறா."

"சீ. அவரு அந்த மாறி இல்லக்கா."

"எங்க வூட்டு ஆளு கூடத்தான் அந்த மாறி இல்ல. செத்தப்பால எண்ணூர்லேர்ந்து ஒருத்தி மாலைய எடுத்துக்கினு வந்து எம் பக்கத்துலயே குந்திக்கினு அழுதா. என்னிய விட நல்லா அழுதா."

செங்கொடிக்குச் சிரிப்பு வந்தது.

தாயம்மா குரலைத் தாழ்த்தினாள். "நா வேற பாத்துட்டேன். சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். உன் தம்பி சரக்கு போட்டு வெக்கிறான்ல, அந்தக் கிடங்கு. அத்துக்குப் பின்னால முள்ளுச் செடிக்குள்ள பூந்து போறான் உன் ஆளு. கையில தூக்கு. அந்தாண்ட தண்டவாளத்த ஒட்டி குடிசைங்க கீது. அப்பால மருந்துக் கடையில ஒரு நாளு சொறிக்குப் போட்ற களிம்பு வாங்கினான். உனுக்கு சொறி கீதா?"

"இல்ல."

"அவனுக்கு?"

"இல்ல."

"மாயாவுக்கு?"

இல்லையென்று செங்கொடி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப யாருக்குடி களிம்பு?" என்று கேட்டுவிட்டு, தாயம்மா காக்கையை விரட்டப் போனாள்.

அன்று சாயங்காலம் சுப்பராயன் உடம்பெல்லாம் சிமெண்டுப் பூச்சோடு வந்தான். இருந்த அரை வாளித் தண்ணீரை அவள் சொம்பு சொம்பாக ஊற்ற, அவன் குனிந்து உட்கார்ந்து தேய்த்துக்கொண்டான். கழற்றிப்போட்ட சட்டையை எடுத்தவள் முகர்ந்து பார்த்தாள். வியர்வை, சிமெண்டு, அவற்றுக்கு அடியில் கந்தகம் கலந்த களிம்பு வாசம்.

"ஷெட்டுல யாருய்யா சர்க்கரை தொட்டுக்கினு துன்றது?"

சோப்புத் தேய்த்த கை ஒரு கணம் நின்றது.

"எனக்குத்தான்மே. வாயி கசப்பா கீது."

"உனுக்கா."

"வயசாவுதுல்ல."

"வயசானா சர்க்கரை வேணாம்னுதான் டாக்டரு சொல்வாரு. உனக்கு மட்டும் தலகீழா சொன்னாரா?"

அவன் சிரிக்கவில்லை. கண்ணில் சோப்பு விழுந்ததுபோல் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு, "பாரி வந்தானா?" என்று கேட்டான். "உன்னாண்ட இன்னா சொன்னான்?"

"அவன் எப்பவும் வர்றதுதான? இன்னா சொல்லப் போறான்?"

"சொம்மா கேட்டேன்."

ஈரம் சொட்ட எழுந்தவன் நடையில் நின்ற கிரைண்டரைப் பார்த்தான். பாரி போன பொங்கலுக்கு வாங்கித் தந்தது. மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெரிய கல். அது வந்த பிறகுதான் செங்கொடியின் கை மரத்துப் போகாமல் இருந்தது. ஆனால் அதைப் பற்றி இன்றுவரை சுப்பராயன் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் கிரைண்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கேள்வி கேட்டவள் தானாக இருக்க, அவன் ஏன் தன்னை அப்படிப் பார்க்கிறான் என்று செங்கொடிக்குப் புரியவில்லை. குற்றமுள்ளவன் பார்வை கீழே அல்லவா போகும்? இவன் பார்வை அவளைத் துழாவிவிட்டுப் போனது.

மறுநாள் மத்தியானம் பாரி வந்தான். டி.வி.எஸ். வண்டியில் முன்னால் ஒரு புது ஸ்கூல் பை. கரு நீல ரெக்ஸின், இரண்டு ஜிப், வெளியே தண்ணி பாட்டிலுக்கு ஒரு வலைப்பை. பை தைக்கிற கம்பெனி ஒன்றில் அவன் சூப்பர்வைசர். பட்டணத்துக்குள் எங்கோ தைக்கிறார்கள், ரெக்ஸின் சுருளையும் தைத்த சரக்கையும் மட்டும் இங்கே கிடங்கில் போட்டு வைக்கிறார்கள் என்று அவன் சொன்னதுதான் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு ஜூனுக்கும் மாயாவுக்கு ஒரு பை வந்துவிடும். மாயா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவர ஓடினாள்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்து, யூனியன் ஊர்வலத்தில் கொடி பிடித்தே காலத்தைக் கழித்த அப்பா, அக்காவுக்கும் தம்பிக்கும் வைத்துவிட்டுப் போனது அவர்களுடைய பெயர்களை மட்டும்தான். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் செங்கொடிக்கு அடக்கியது உடைந்தது. எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மாமாவா?" பாரி எழுந்தே விட்டான். கழுத்து நரம்பு புடைத்தது. "யாருக்கா அவ? சொல்லு. இப்பவே போய் ரெண்டுல ஒண்ணு பாத்துட்றேன்."

"யாருன்னு தெர்லடா. காலைல ஒரு தூக்கு இட்லி, சர்க்கரை எடுத்துக்கினு போறாரு. உன் சரக்குக் கிடங்கு கீதுல்ல, அத்துக்குப் பின்னால பூந்து போறாராம். தாயம்மாக்கா பாத்துகீது."

புடைத்த நரம்பு தணிந்தது. அது தணிந்த வேகம்தான் செங்கொடியின் கண்ணில் பட்டது. பாரி மெல்ல உட்கார்ந்தான்.

"பின்னாலன்னா எங்க?"

"முள்ளுச் செடிப் பக்கம்."

"எத்தினி நாளா?"

"ஒரு மாசமாவது இருக்கும்."

"தாயம்மா வேற யாராண்டயாவது சொல்லிச்சா?"

"அத்த ஏன்டா கேக்குற?"

"சொம்மாதான்கா." அவன் செல்போனை எடுத்துப் பார்த்தான், மறுபடி பையில் போட்டான். "நீ இன்னா இத்தப் போய் பெருசாக்கிக்கினு. மாமா அந்த மாறி ஆளா? குடிசைல கீற யாருக்காவது பாவம் பாத்து குடுத்திருக்கும். நீ கேக்காத. வுட்டுடு."

"இப்பதான ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்ன."

"கோவத்துல சொன்னேன். மாமாவ மட்டும் அந்தப் பக்கம் போவ வேணாம்னு சொல்லு. பாம்பு கீம்பு கீது."

டீ கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு சந்துக்குள்ளே, கிடங்குப் பக்கமாகப் போனான். செங்கொடி வாசலிலேயே நின்றாள். அக்கா புருஷன் இன்னொருத்தியை வைத்திருக்கிறான் என்றால் கூடப்பிறந்தவன் குதிக்க வேண்டும். இவன் ஆறிப்போய்விட்டான். புருஷன் ஒன்றை மறைக்கிறான், தம்பி அதையே மறைக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் கேட்கத் தெரியாதவளாகத் தான் ஒருத்தி நிற்பதாக அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். முதல் ஈட்டைத் தூக்கில் போட்டுக்கொண்டு சுப்பராயன் சந்துக்குள் இறங்கியதும், செங்கொடி தாயம்மாவைக் கரண்டியோடு அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"எவளா இருந்தாலும் முடிய மட்டும் புடிச்சிராத," என்று தாயம்மா உபதேசம் செய்தாள். "அப்பால ஊரே அவ பக்கம் சேர்ந்துக்கும்."

தண்டவாளத்தில் உர வேகன்கள் ஒரு நீளத்துக்கு நின்றிருந்தன. மூத்திர நெடியும் கரிய எண்ணெய் வாசமும் அடித்தன. சுப்பராயன் கிடங்கின் பின்சுவர் ஓரமாக முட்செடியை ஒதுக்கிக்கொண்டு போனான். குடிசைகளுக்குத் திரும்புகிற இடம் வந்தது. அவன் திரும்பவில்லை. சுவரோரம் ஒரு தார் டிரம் கவிழ்த்துக் கிடந்தது. அதன்மேல் ஏறினான். அவன் தலைக்கும் மேலே, சுவரில் கம்பி வைத்த ஒரு காற்றுத் துளை. பொட்டலத்தை எடுத்துக் கையை உயர்த்தி உள்ளே விட்டான். தோள்வரைக்கும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

கையை வெளியே இழுத்து அடுத்த பொட்டலத்தை நீட்டியபோது, உள்ளிருந்து ஒரு கை கம்பிக்கு வெளியே வந்து அதை வாங்கிக்கொண்டது.

மாயாவின் கையைவிடச் சின்னக் கை. நகக்கண்ணெல்லாம் கரு நீலச் சாயம் ஏறியிருந்தது. விரலிடுக்கில் வெள்ளையாகக் களிம்பு. அது மறைந்ததும் இன்னொரு கை, பிறகு இன்னொன்று. உள்ளே தையல் மெஷின் ஒன்று கடகடவென்று ஓடி நின்றது. யாரோ இந்தியில் குசுகுசுவென்று பேசினார்கள். சுப்பராயன் லாரிக்காரர்களிடம் பேசிப் பழகிய அரைகுறை இந்தியில், "தீரே, தீரே" என்று மெதுவாக வாங்கச் சொன்னான்.

பொம்பளை இல்லை என்று செங்கொடியின் மனசு முதலில் நிம்மதிப்பட்டது. அந்த நிம்மதி ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லை. அந்தக் கரு நீலம் அவளுக்குத் தெரிந்த நீலம். அது பாரியின் கிடங்கு.

டிரம்மிலிருந்து இறங்கியவன் திரும்பினான். அவளைப் பார்த்ததும் காலித் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"யாருய்யா இவங்க?"

"மெதுவா பேசு. முன்னால ஆளு கீது." அவளை வேகன் மறைவுக்கு இழுத்துப் போனான். "தெரியாத மாறி கேக்காத, செங்கொடி."

"இன்னாது?"

"உனக்குத் தெரியும்னுதான் நா நெனச்சிக்கினு கீறேன்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவனையே பார்த்தாள்.

"உன் தம்பி. நீ வளத்தவன். தெனமும் உன் கையில துன்றவன். வருசா வருசம் பை வருது, இவ்ளோ பெரிய கிரைண்டர் வருது. நீ ஒரு தபா கூட எப்டிடான்னு அவனக் கேக்கல. கேக்காதவளுக்குத் தெரிஞ்சுதான இருக்கும்னு நெனச்சேன். உன்னாண்ட சொன்னா அவனுக்குப் போயிடும். போச்சின்னா இந்த ஓட்டையையும் அடைச்சிடுவான். அத்தொட்டுதான் வாயத் தொறக்கல."

"எம்மேலயா சந்தேகப்பட்ட?"

"நீ எம்மேல படல?"

வேகனுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அவன் குரலை இறக்கிக்கொண்டு சொன்னான். உரம் இறக்கின ஒருநாள் சுவருக்கு அந்தாண்டை அழுகைச் சத்தம் கேட்டதாம். பையில் இருந்த பன்னைக் காற்றுத் துளையில் போட்டானாம். ஒரு கை வந்ததாம். பீகார்ப் பக்கத்துப் பிள்ளைகள். ரயிலில் இட்டுக்கொண்டு வந்தவன் ஒருத்தன், பை கம்பெனி முதலாளி ஒருத்தன், பூட்டும் சாவியும் பாரியிடம். தைக்கிறது, அங்கேயே படுக்கிறது. முதல் தடவை காரச் சட்னியோடு கொடுத்ததில் ஒரு பொடியன் அழுதுவிட்டானாம். அதிலிருந்துதான் சர்க்கரை.

"எத்தினி பேரு? எம்மாம் வயசு?"

"தெரியாது. ஓட்டை ஒசரத்துல கீது. அவனுங்க மெஷின் மேல ஏறி நின்னு வாங்கிக்கிறானுங்க. நா அவனுங்க மூஞ்சியப் பாத்ததில்ல, அவனுங்களும் என் மூஞ்சியப் பாத்ததில்ல. இந்தக் கையத்தான் தெரியும்." பச்சை குத்திய முன்கையைத் தேய்த்துக்கொண்டான். "இன்னைக்குதான் கடைசி போல கீது. ராவெல்லாம் ஒவ்வொரு மெஷினா கழட்டுனாங்களாம், ஒண்ணு ரெண்டுதான் பாக்கியாம். 'காடி, காடி'ங்கிறானுங்க. வண்டி வச்சி எங்கியோ இட்டுக்கினு போறாங்க. யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க."

சொன்னது யார் என்று செங்கொடிக்குத் தெரியும். நேற்று மத்தியானம், மூக்கைச் சிந்திக்கொண்டே, எந்தப் பக்கம் என்பதுவரைக்கும் அவளேதான் பாரியிடம் சொல்லியிருந்தாள்.

"நான்தான்யா," என்றாள்.

அவர்கள் திரும்பியபோது பாரி பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் கூட்ஸ் ஷெட் மேஸ்திரி கோதண்டமும் நாலைந்து ஆட்களும் இருந்தார்கள். அக்காவும் மாமாவும் சந்துக்குள்ளிருந்து சேர்ந்து வருவதைப் பார்த்ததும் பாரியின் கை தட்டிலேயே நின்றது.

"உள்ள வா," என்றாள் செங்கொடி.

நடையில், கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள்.

"அவனுங்க அப்பன் ஆத்தாளே அனுப்பி வுட்டாங்கக்கா. ஊர்ல சோத்துக்கு இல்ல. இங்க தொழில் கத்துக்கிறானுங்க. வெள்ளிக்கிழமைன்னா பிரியாணி வாங்கிப் போட்றேன், தெரியுமா உனக்கு?"

"பூட்டு எதுக்கு?"

"ஊர் தெரியாத பசங்க. வெளிய போனா தொலஞ்சிடுவானுங்க."

"இப்ப மட்டும் இன்னா, கெடச்சிட்டானுங்களா?"

அவன் வாசலைப் பார்த்துக்கொண்டான். "கத்தாதக்கா. நா வெறும் சூப்பர்வைசரு. மேல பெரிய ஆளுங்க கீறாங்க."

"சாவி யாராண்ட கீது?"

பாரியின் கை சட்டைப் பையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"நீயும் சர்க்கரை தொட்டுக்கினுதான்டா துன்ன. ஒரு வாயி உள்ள போறதுக்குள்ள என் உசுரு போவும்."

"அத்த சொல்லாத," என்றான் பாரி. முதல்முறையாகக் குரல் உடைந்தது. பிறகு அதுவே கோபமாகத் திரும்பியது. "பெருசா கேக்க வந்துட்ட. இந்தக் கிரைண்டர் வந்தப்ப எங்கேர்ந்து வந்துச்சின்னு கேட்டியா? உன் பொண்ணு முதுகுல மாட்டிக்கினு போற பை யாரு தச்சதுன்னு கேட்டியா? அப்ப இனிச்சிதுல்ல?"

ஒருமணி நேரத்துக்குள் இதையே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பாரி அவளைத் தாண்டிக்கொண்டு இறங்கி வண்டியை உதைத்தான். கிடங்குப் பக்கம் போனான்.

அவள் கிரைண்டரின் ஒயரைப் பிடுங்கினாள்.

"யோவ், இப்டி வா. இத்தப் புடி."

"இன்னா பண்ணப் போற?"

"புடின்னா புடி."

அவள் முன்னால் இழுக்க, சுப்பராயன் பின்னாலிருந்து தள்ளினான். நடையின் சிமெண்டுத் தரையில் இரும்புக் கால்கள் கீறிக்கொண்டு வந்தன. வாசல்படியில் சிக்கிக்கொண்டபோது, மூட்டை தூக்குகிறவர்களுக்கே உரிய பழக்கத்தில், ஏன் எதற்கு என்று கேட்காமல் இரண்டு பேர் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். பாதி அரைந்த மாவு கிரைண்டர் குடத்திலிருந்து வழிந்து தெருவில் கோடாக விழுந்தது. சந்தின் நட்ட நடுவில் கிரைண்டர் நின்றது. இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் இடம்தான் மிச்சம்.

"இன்னாம்மா, கடைய ரோட்டுக்குக் கொண்டாந்துட்ட?" என்றார் கோதண்டம்.

செங்கொடி சொன்னாள். மாவுக்கை காய்வதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள், பாரியின் பெயரையும் விடவில்லை. அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் தாயம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். செங்கொடி நிறுத்தவில்லை.

கோதண்டம் தட்டைக் கீழே வைத்தார். "ஸ்டேஷனுக்கு சொன்னா மொதல்ல பாரி காதுக்குத்தான் போவும். பூத்துல கொழந்தைங்களுக்குன்னு ஒரு நம்பர் ஒட்டி வச்சிருக்கான் பாரு, பத்து தொண்ணூத்தெட்டு. அத்துக்கு அடிங்கடா ஒருத்தன்." ஒரு ஆள் மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். மற்றவர்கள் எழுந்து போய், வழக்கமாகக் கூலித் தகராறு வந்தால் லாரிக்கு முன்னால் உட்காருவதுபோல், கிரைண்டருக்கு முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறத் தொடங்கியபோது, ராத்திரியே உள்ளே போயிருந்த வேன் கிடங்குப் பக்கமிருந்து வந்தது. வெள்ளை வேன், ஜன்னலெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. இதே வேன் எத்தனையோ தடவை தன் அடுப்பை உரசிக்கொண்டு போயிருக்கிறது என்று செங்கொடிக்கு ஞாபகம் வந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தினான். யாரும் எழவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் அவன் இறங்கி, வேனுக்குப் பின்னால் ஒதுங்கி, தண்டவாளத்தைத் தாண்டி ஓடியே போய்விட்டான்.

வேனைத் தொடர்ந்து வந்த பாரி தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். "அக்கா. வழி வுடு."

"சாவியக் குடு."

"நா உள்ள போவேன்கா. தெரிஞ்சிதான் பேசறியா?"

"தெரிஞ்சிதான். நீ போ. தூக்குல சோறு எடுத்துக்கினு நா வர்றேன். எத்தினி வருசம் ஆனாலும் வர்றேன்."

அவள் நீட்டிய கை கீழே இறங்கவில்லை. பாரி மாமாவைப் பார்த்தான், உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். பையிலிருந்து சாவியை எடுத்தான். அவள் கையில் கொடுக்கவில்லை. கிரைண்டரின் மாவுக் குடத்துக்குள் போட்டுவிட்டு, அங்கேயே ஓரமாகத் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தினான்.

மாவுக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்தாள். கோதண்டம் அதை வாங்கி, வேனின் பின்கதவில் மாட்டியிருந்த கிடங்குப் பூட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தார்.

உள்ளே ரெக்ஸின் சுருள்கள். கழற்றிய தையல் மெஷின்கள். அவற்றுக்கு இடுக்கில் மொட்டைத் தலைகள், கண்கள். வெளிச்சம் பட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். அவர்களில் உயரமான ஒருவனுக்கு மாயாவைவிட ஒன்றிரண்டு வயசு கூட இருக்கலாம். அவன் சின்னவர்களைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"வாங்கடா கண்ணு," என்றாள் தாயம்மா. யாரும் அசையவில்லை. ஒரு கிளீனர் இந்தியில் கூப்பிட்டுப் பார்த்தான். அவர்கள் இன்னும் சுருண்டார்கள். செங்கொடி தட்டில் இட்லி வைத்து, சர்க்கரை தூவி நீட்டினாள். உயரமானவன் தட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இதற்கு நீ என்ன கேட்கப் போகிறாய் என்ற பார்வை. ஊர் முழுக்கத் தட்டைப் பார்த்தே ஆளை எடை போட்டவளை, அந்தப் பிள்ளை தட்டைத் தொடாமலேயே எடை போட்டான். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சுப்பராயன் முன்னால் வந்து சிரித்தான். அவர்களுக்கு அவனும் யாரோ ஒருத்தன்தான். பெரிய ஆள், கரடுமுரடான முகம். ஒரு பொடியன் அழ ஆரம்பித்தான்.

சுப்பராயன் கூட்டத்தைத் தள்ளிப் போகச் சொன்னான். வேன் கதவை மெல்லச் சாத்தினான், ஒரு கை நுழைகிற அளவு மட்டும் விட்டு. கதவுக்குப் பின்னால், தன் முகம் தெரியாதபடி ஒட்டி நின்றுகொண்டான்.

"காகிதத்துல மடிச்சிக் குடு," என்றான் செங்கொடியிடம்.

அவள் மடித்துக் கொடுத்தாள். அவன் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, பொட்டலத்தோடு கையை உள்ளே நீட்டினான்.

பாரி குந்திய இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

உள்ளே அழுகை நின்றது. ஏதோ ஒன்று நகர்ந்தது. சுப்பராயனின் கையிலிருந்த கனம் குறைந்ததை அவன் தோளைப் பார்த்தே செங்கொடி தெரிந்துகொண்டாள். காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது. அவன் கையை வெளியே எடுக்கவில்லை. செங்கொடி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். நீலம் ஏறிய ஒரு சின்ன விரல், சர்க்கரை ஒட்டியிருந்தபடியே, அந்தப் பச்சை எழுத்துகளின் மேல் பழகின மாதிரி ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது.